மங்கி ஐலண்ட் முதல்முறை ஆடுகிறேன், வாக்த்ரூ பார்க்காமல் முடிக்க முடியுமா?

நிலாமேடு | சனி, இரவு 9:40

வணக்கம். 1990-இல் வந்த ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ விளையாட்டை வாங்கியிருக்கிறேன். 2009-இல் புதுப்பித்து வெளியிட்ட ஸ்பெஷல் எடிஷன், தள்ளுபடியில் கிடைத்தது. எனக்கு வயது 24. இதுவரை கால்பந்தும் துப்பாக்கிச் சண்டையும்தான் ஆடியிருக்கிறேன். மவுஸைச் சொடுக்கிக் கதையை நகர்த்தும் விளையாட்டு இதுதான் முதல்.

ஒரு மணி நேரம் ஆடினேன். இரவு நேரத் தீவு, அந்த இசை, எல்லாமே பிடித்துவிட்டது. ஆனால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று விளையாட்டு சொல்லவே மாட்டேன் என்கிறது. அம்புக்குறி இல்லை, செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் இல்லை. ஸ்கம் பார் என்ற சாராயக்கடையில் கடற்கொள்ளைத் தலைவர்கள் மூன்று பேர் உட்கார்ந்து, கடற்கொள்ளையனாவதற்கு மூன்று சோதனைகள் சொன்னார்கள்: வாள் சண்டையில் வெல்ல வேண்டும், திருட வேண்டும், புதையல் எடுக்க வேண்டும். அப்புறம் ஊரைச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

ஆடியவர்கள் சொல்லுங்கள். பழைய படமா, புதிய படமா, எதில் ஆடுவது? அடிக்கடி சேவ் செய்ய வேண்டுமா? முக்கியமாக, வாக்த்ரூ (எல்லாப் புதிர்களுக்கும் விடையை வரிசையாகச் சொல்லும் குறிப்பு) பார்க்காமல் இதை முடிக்க முடியுமா?

---

பழையடிஸ்க் | சனி, இரவு 10:15

முடியும் தம்பி. நிச்சயமாக முடியும்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த விளையாட்டில் நீங்கள் எதையும் கெடுத்துவிட முடியாது. தப்பான ஆளிடம் தப்பாகப் பேசினாலும், தப்பான பொருளைத் தப்பான இடத்தில் பயன்படுத்தினாலும், ஆட்டம் முடியாமல் போகாது. இது தற்செயல் இல்லை. இதை உருவாக்கிய ரான் கில்பர்ட், அந்தக் காலத்து அட்வெஞ்சர் (இதைப் போலக் கதையை நகர்த்தும்) விளையாட்டுகளில் தனக்குப் பிடிக்காதவற்றை எல்லாம் 1989-இல் ஒரு கட்டுரையாகவே எழுதினார். ஆடுபவரைக் காரணமில்லாமல் சாகடிக்கக் கூடாது, ஒரு பொருளை எடுக்க மறந்ததற்காகப் பல மணி நேரம் கழித்து வழியை அடைக்கக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அடுத்த ஆண்டே டிம் ஷேஃபர், டேவ் கிராஸ்மன் இருவரோடும் சேர்ந்து இதைச் செய்து காட்டினார்.

அந்த அருமை தெரிய வேண்டுமென்றால் அதே 1990-இல் வந்த கிங்ஸ் குவெஸ்ட் 5-ஐப் பாருங்கள். அதில் ஒரு கஸ்டர்ட் பை கிடைக்கும். பசிக்கிறது என்று அதைத் தின்றுவிட்டால் பனிமலையில் வரும் எட்டி என்ற பனிமனிதனைத் தாண்டவே முடியாது. தின்ற நேரத்தில் ஒரு எச்சரிக்கையும் வராது. பூனை துரத்தும் எலியைக் காப்பாற்றத் தவறினாலும் அதே கதிதான். அந்த வகை விளையாட்டுகளை ஆடி வளர்ந்தவர்களுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சேவ் செய்யும் பழக்கம் இன்னும் போகவில்லை. உங்களுக்கு அது வேண்டாம். படுக்கப் போகும் முன் ஒரு சேவ் போட்டால் போதும்.

ஆகவே மாட்டிக்கொள்வதற்குப் பயப்படாதீர்கள். எல்லோரிடமும் பேசுங்கள். பேச்சில் வரும் எல்லா வரிகளையும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்துப் பையில் போடுங்கள். கையில் உள்ள ஒவ்வொரு பொருளையும் ‘பார்’ என்று ஒருமுறை பாருங்கள்.

வாக்த்ரூ வேண்டாம். வழி தெரிந்தவர் இரண்டு மூன்று மணி நேரத்தில் இதை முடித்துவிடுவார். மீதி இருக்கும் நேரம் முழுக்க நீங்கள் யோசிக்கும் நேரம்தான். அதைத்தான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள்.

---

மூன்றாம்மாடி | சனி, இரவு 10:52

எதில் ஆடுவது என்று கேட்டீர்கள். ஸ்பெஷல் எடிஷனில் F10 அழுத்தினால் அதே இடத்தில் அப்படியே பழைய படத்துக்கு மாறும், மறுபடி அழுத்தினால் புதியதற்கு வரும். என் ஆலோசனை: ஆடுவது பழையதில், கேட்பது புதியதில். பழைய வடிவத்தில் திற, தள்ளு, இழு, பேசு, கொடு போன்ற வினைச்சொற்கள் திரையின் அடியில் எப்போதும் தெரியும். என்னவெல்லாம் செய்யலாம் என்பது கண்ணெதிரே இருக்கும். புதியதில் அவை ஒளிந்திருக்கும், முதல்முறை ஆடுபவருக்குத் ‘தள்ளு’ என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். ஆனால் பாத்திரங்களின் குரல் புதியதில்தான் வரும். நீண்ட உரையாடல் வந்தால் F10 தட்டிக் கேளுங்கள், முடிந்ததும் திரும்புங்கள்.

இன்னொன்று, வலது சொடுக்கு. ஒரு பொருளின் மேல் வலது பொத்தானை அழுத்தினால் அதற்குப் பொருத்தமான செயல் தானாக நடக்கும். கதவென்றால் திறக்கும், ஆளென்றால் பேசுவார். கை வலி குறையும்.

பழைய டிஸ்க் அல்லது சிடி வைத்திருப்பவர்களுக்கு: பழைய விளையாட்டுகளை இன்றைய கணினிகளில் ஓட்டும் ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருள் 2001 முதல் இருக்கிறது, ஆண்ட்ராய்டிலும் ஓடும். விளையாட்டின் கோப்புகளை அதனிடம் காட்டினால் போதும். அதில் முற்றுப்புள்ளி விசை ஒரு வரி வசனத்தைத் தாண்டும், எஸ்கேப் விசை முழுக் காட்சியையும் தாண்டும். முதல்முறை ஆடும்போது எஸ்கேப் பக்கமே கை போகக் கூடாது. க்ளூ பாதி அந்தக் காட்சிகளில்தான் இருக்கும்.

---

ரயில்பூச்சி | ஞாயிறு, காலை 7:20

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். வேலை, வீடு, இரண்டு பிள்ளைகள் என்று இருப்பவருக்கு வாரத்தில் மூன்று மணி நேரம் கிடைத்தால் பெரிது. அந்த மூன்று மணி நேரமும் ஒரே அறையில் சுற்றிக்கொண்டிருந்தால் நான்காவது வாரம் விளையாட்டைத் திறக்கவே மாட்டார். அப்படி நான் பாதியில் விட்டவை நிறைய. வாக்த்ரூ பார்த்தாவது முடிப்பது, பாதியில் விடுவதைவிட நல்லது.

இதைச் செய்தவர்களே அப்படித்தான் நினைத்தார்கள். க்ளூ புத்தகம் அச்சடித்து விற்றார்கள், தொலைபேசியில் க்ளூ சொல்ல ஆள் வைத்தார்கள். இரண்டாம் பாகத்தில் காட்டுக்குள் ஒரு தொலைபேசி இருக்கும், அதிலிருந்து நிறுவனத்தின் உதவி எண்ணுக்கே அழைக்கலாம். 2022-இல் வந்த ‘ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்’ விளையாட்டிலோ க்ளூ புத்தகம் கதைக்குள்ளேயே கைக்கு வந்துவிடுகிறது. உதவி கேட்பதில் குறைவு ஒன்றுமில்லை.

---

பழையடிஸ்க் | ஞாயிறு, காலை 8:05

உதவி கேட்பதை நான் மறுக்கவில்லை. நீங்கள் சொன்ன க்ளூ புத்தகத்துக்கும் இணைய வாக்த்ரூவுக்கும் இருக்கும் வேறுபாடுதான் என் கவலை. க்ளூ புத்தகம் முதலில் லேசாகத் தொட்டுக்காட்டும், போதாவிட்டால் இன்னும் கொஞ்சம், கடைசியில்தான் விடை. வாக்த்ரூவைத் திறந்தால் உங்களுக்கு வேண்டிய வரிக்கு மேலே பத்து வரி, கீழே பத்து வரி கண்ணில் பட்டுவிடும். இனிமேல் வர வேண்டிய வியப்புகளும் போய்விடும். ஒருமுறை பார்த்ததை மறக்க முடியாது.

---

கடல்நண்டு | ஞாயிறு, காலை 11:30

நான் இதை என் மகளோடு சேர்ந்து ஆடினேன், அவளுக்கு அப்போது 11 வயது. எங்களுக்கு உதவியது ஒரு பழைய நோட்டு. இடது பக்கத்தில் திறக்காத கதவுகள், நம்மைத் தடுக்கும் ஆட்கள், கேட்டது கிடைக்காத இடங்கள். வலது பக்கத்தில் பையில் உள்ள பொருட்கள். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அந்த நோட்டு எங்களோடு இருக்கும். ‘அந்தப் பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்தால் என்ன அம்மா?’ என்று அவள் சாம்பாரைக் கரண்டியில் வைத்துக்கொண்டு கேட்டதுதான் ஒரு புதிருக்கு விடை. எந்தப் புதிர் என்று சொல்ல மாட்டேன்.

திரையின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது வராத விடை, எழுந்து போனபின் வரும். அதனால் அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை என்றால் மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள் தம்பி. உலகம் உங்களுக்காக அப்படியே நிற்கும். கொள்ளையர்கள் அதே மேசையில் அதே கோப்பையோடு உட்கார்ந்திருப்பார்கள்.

---

நிலாமேடு | ஞாயிறு, இரவு 8:45

எல்லோருக்கும் நன்றி. நோட்டு போட்டுவிட்டேன் அக்கா. இடது பக்கத்தில் இப்போது ஏழு வரிகள் இருக்கின்றன.

பாரின் சமையலறைக்குள் போய்விட்டேன். சமையல்காரர் வெளியே வரும் நேரம் பார்த்து நுழைய வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது, ஆனால் கண்டுபிடித்தது நான்தான்! உள்ளே ஒரு பாத்திரம், ஒரு இறைச்சித் துண்டு கிடைத்தன. பின்னால் மரப்பலகை மேடையில் ஒரு மீன் கிடக்கிறது. எடுக்கப் போனால் கடற்பறவை விடமாட்டேன் என்கிறது.

இன்னொன்று, பாலத்தில் ஒரு பூதம். எல்லோருடைய கவனத்தையும் ஈர்க்கிற, ஆனால் உண்மையில் முக்கியமில்லாத ஒரு பொருளைக் கொண்டு வா என்கிறது. பையில் இருப்பதை எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டேன். விடை சொல்ல வேண்டாம், லேசாகத் தொட்டுக்காட்டுங்கள்.

---

கடல்நண்டு | ஞாயிறு, இரவு 9:10

பறவைக்கு: நீங்கள் நிற்கும் மேடையைப் பாருங்கள். எல்லாப் பலகையும் ஒன்றுபோல இருக்கிறதா? ஒருமுறை செய்து நடக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

---

பழையடிஸ்க் | ஞாயிறு, இரவு 9:32

பூதத்துக்கு நான் வேறு மாதிரி பதில் சொல்ல வேண்டும். இங்கே உங்கள் யோசனையில் குறை ஒன்றுமில்லை. இது ஆங்கிலச் சொல் விளையாட்டு. அந்த மொழியில் நம்மைத் திசைதிருப்பும் போலித் தடயத்துக்கு ஒரு மரபுத்தொடர் இருக்கிறது, அது ஒரு நிறத்தையும் ஒரு மீனின் பெயரையும் சேர்த்தது. அந்தத் தொடர் தெரிந்தவருக்குப் பூதம் கேட்ட உடனே சிரிப்பு வரும். தெரியாதவர் ஒரு வாரம் உட்கார்ந்தாலும் வராது. எனக்கு வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரு துப்பறியும் கதை படிக்கும்போதுதான் ‘அடடா, அந்தப் பூதம் கேட்டது இதுதானா’ என்று புரிந்தது.

இரண்டு வகைப் புதிர்களையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். யோசித்தால் வருபவை ஒரு வகை, அவற்றில் பொறுமையாக இருங்கள். மொழி தெரிந்தால் மட்டுமே வருபவை இன்னொரு வகை, அவற்றைத் தயங்காமல் கேளுங்கள். தமிழில் வளர்ந்த நமக்கு அது தோல்வியே இல்லை.

இரண்டாம் பாகம் ஆடும்போது இதைவிடப் பெரியது ஒன்று வரும். ஒரு அருவியின் குழாயைத் திருக வேண்டும். அதற்கு ஒரு குரங்கைப் பயன்படுத்த வேண்டும். ஏனென்றால் குழாயைத் திருகும் கருவிக்கு அமெரிக்காவில் மங்கி ரெஞ்ச் என்று பெயர், மங்கி என்றால் குரங்கு. இங்கிலாந்துக்காரர்களே அதில் திணறினார்கள், அவர்கள் ஊரில் அதன் பெயர் வேறு. நம் பட்டறைகளில் ஸ்பேனர் என்று சொல்லி வளர்ந்தவருக்குக் குரங்கு எப்படி நினைவுக்கு வரும்? இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், வேண்டுமென்றே சொல்கிறேன். அந்த ஒரு புதிரில் யாரும் நேரத்தை இழக்க வேண்டாம்.

---

ரயில்பூச்சி | ஞாயிறு, இரவு 9:50

பழையடிஸ்க் அண்ணா, இந்தப் பிரிவினை எனக்குச் சரியாகப் படுகிறது. 1999-இல் வந்த கேப்ரியல் நைட் 3-இல் பூனை முடியை எடுத்துப் பொய் மீசை ஒட்டும் புதிர் இருக்கிறது, அதையும் நான் மூன்றாவது வகையாகச் சேர்ப்பேன்: யோசித்தாலும் வராது, மொழி தெரிந்தாலும் வராது. மங்கி ஐலண்ட் முதல் பாகத்தில் அப்படி எதுவும் எனக்கு நினைவில்லை. அதனால் முதல்முறை ஆட இது நல்ல தேர்வுதான்.

---

மூன்றாம்மாடி | ஞாயிறு, இரவு 10:20

நடுராத்திரியில் யாரும் பதில் சொல்லாத நேரத்துக்கு: ஸ்பெஷல் எடிஷனில் H விசை க்ளூ தரும். படிப்படியாகத்தான் சொல்லும், முதல் அழுத்தலில் விடை வராது. இணையத்தைத் திறப்பதைவிட அது நல்லது. மேலே கீழே எதுவும் கண்ணில் படாது.

---

நிலாமேடு | புதன், இரவு 10:05

பூதத்தைத் தாண்டிவிட்டேன். மீனின் பெயரைத் தேடிப் படித்ததும் சத்தமாகச் சிரித்தேன், பக்கத்து அறையிலிருந்து அம்மா வந்து பார்த்தார்கள்.

சர்க்கஸ் கூடாரத்தில் பீரங்கிக்குள் புகுந்து 478 காசு சம்பாதித்தேன். (அக்கா, உங்கள் மகள் சாம்பார் சாப்பிடும்போது சொன்ன புதிர் இதுதானே?) வாள், மண்வெட்டி, புதையல் வரைபடம் எல்லாம் வாங்கியாகிவிட்டது. ஆனால் இரண்டு இடத்தில் முட்டி நிற்கிறேன். நூறு காசு கொடுத்து வாங்கிய வரைபடம் வரைபடமே இல்லை, ஏதோ நடனம் கற்றுக்கொடுக்கும் தாள். ஏமாந்துவிட்டேனா? அடுத்து, வாள் சண்டையில் எல்லோரிடமும் தோற்கிறேன். வேகமாகச் சொடுக்கியும் பார்த்தேன்.

---

பழையடிஸ்க் | புதன், இரவு 10:40

வரைபடம்: ஏமாறவில்லை. ஒரு நடனத்தில் என்னென்ன சொல்வார்கள்? காட்டுக்குள் எத்தனை பாதைகள் பிரிகின்றன? இதற்குமேல் சொன்னால் அழகு போய்விடும். மொத்த விளையாட்டிலும் எனக்கு மிகவும் பிடித்த புதிர்களில் இது ஒன்று.

வாள் சண்டை: இங்கே வாள் ஒரு சாக்கு. சண்டை வாயில் நடக்கிறது. எதிரி ஒரு வசை சொல்வான், அதற்குச் சரியான எதிர்வசையைச் சொன்னால் நீங்கள் முன்னேறுவீர்கள். நம் ஊர் எசப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எடுத்துவிட, மற்றவர் அதே வீச்சில் மடக்க வேண்டும். ஆரம்பத்தில் உங்களுக்கு வசையும் தெரியாது, பதிலும் தெரியாது, அதனால் தோற்றே ஆக வேண்டும். அவன் சொல்லும் வசையைக் கேட்டால் அது உங்களுடையதாகிவிடும். அதை அடுத்தவனிடம் சொல்லிப் பாருங்கள், அவனுக்குப் பதில் தெரிந்திருந்தால் பதிலும் உங்களுடையது. சேகரிக்கும் வரை தோற்பதும் லாபம்தான்.

ஒரு எச்சரிக்கை. போதுமான அளவு தேறியதும் எதிரிகளே உங்களைப் புகழ்வார்கள், அப்போதுதான் சோதனைக்காக வெல்ல வேண்டிய வாள் நாயகியைத் தேடிப் போங்கள். அவள் நீங்கள் கேட்ட வசைகள் எதையும் சொல்ல மாட்டாள். எல்லாம் புதியவை. ஆனால் பதில்கள் அதே பதில்கள். கற்றுக்கொண்ட பதிலை வேறொரு கேள்விக்குப் பொருத்த வேண்டும். வரிகளை மனப்பாடம் செய்தவர் அங்கே திணறுவார், பொருளைப் புரிந்துகொண்டவர் தாண்டுவார். 1990-இல் ஒரு சண்டையை இப்படி யோசித்தார்களே என்று எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

---

கடல்நண்டு | புதன், இரவு 11:02

ஆமாம் தம்பி, அந்தப் புதிர்தான்! மகளிடம் சொல்லிவிடுகிறேன்.

வசைகளை நோட்டில் எழுதுங்கள், பக்கத்தில் தமிழில் பொருளையும் எழுதுங்கள். மாடு மேய்ப்பவன் மாதிரி சண்டை போடுகிறாய் என்று ஒருவன் சொல்ல, நீ மாடு மாதிரி சண்டை போடுவதால் அது பொருத்தம்தான் என்று மடக்குவது ஒன்று. தமிழில் எழுதியபோதுதான் எந்தப் பதில் எந்த வசைக்கு ஒட்டும் என்பது என் மகளுக்குச் சட்டென்று தெரிந்தது. நாயகியை அவள்தான் வென்றாள், நான் வேடிக்கை பார்த்தேன்.

---

நிலாமேடு | சனி, மாலை 6:30

மூன்று சோதனைகளில் இரண்டு முடிந்தன! வாள் நாயகியை இரண்டாவது முயற்சியில் வென்றேன். அவள் இருக்கும் இடத்தைக் கடைக்காரரின் பின்னாலேயே போய்க் கண்டுபிடித்தேன். புதையலும் எடுத்தாகிவிட்டது. நடனத் தாளைப் பற்றி இரண்டு நாள் பேருந்தில் போகும்போதெல்லாம் யோசித்து, இறங்கும் நிறுத்தத்தில் விடை கிடைத்தது.

இப்போது கவர்னர் மாளிகையிலிருந்து சிலையைத் திருடிவிட்டேன், ஆனால் அதையே என்னோடு சேர்த்துக் கட்டிக் கடலுக்குள் தள்ளிவிட்டார்கள். சுற்றிலும் கத்தி, வாள், கோடரி எல்லாம் கிடக்கின்றன, ஒன்றும் கைக்கு எட்டவில்லை. இங்கே செத்துப்போவேனா?

---

மூன்றாம்மாடி | சனி, மாலை 6:41

கதாநாயகன் கைபிரஷ் தன்னால் எவ்வளவு நேரம் மூச்சை அடக்க முடியும் என்று பெருமை பேசியது நினைவிருக்கிறதா? பத்து நிமிடம். அது உண்மையான பத்து நிமிடம். முழு விளையாட்டிலும் நீங்கள் சாகக்கூடிய ஒரே இடம் இதுதான், அதுவும் பத்து நிமிடம் சும்மா இருந்தால் மட்டும். சீக்கிரம் போங்கள்!

---

பழையடிஸ்க் | சனி, மாலை 6:44

எட்டாதவற்றைப் பார்க்காதீர்கள். உங்களைப் பிடித்து வைத்திருப்பது எது? அதை மட்டும் பாருங்கள்.

---

நிலாமேடு | சனி, மாலை 6:58

இவ்வளவு எளிதா! கத்திகளை எண்ணிக்கொண்டே எட்டு நிமிடம் போய்விட்டது. விடை தெரிந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நடந்தேன். பழையடிஸ்க் அண்ணா, நீங்கள் வாக்த்ரூ வேண்டாம் என்று அழுத்திச் சொன்னது இந்த நிமிடத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

---

ரயில்பூச்சி | சனி, இரவு 9:15

இந்த இழையைப் படித்துவிட்டு, நான் பாதியில் விட்ட இரண்டாம் பாகத்தை இன்று மறுபடி திறந்தேன். இரண்டு நிலைகள் இருக்கின்றன, எளிய நிலையைத் தேர்ந்தெடுத்தேன், புதிர்கள் குறைவு. நேரமில்லாதவர்களுக்கு அதுவும் ஒரு நல்ல வழி. பெரியவளைப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன், நோட்டு அவள் கையில்.

---

நிலாமேடு | செவ்வாய், இரவு 11:20

ஸ்டான் கடையில் கப்பல் வாங்கிவிட்டேன். அந்த மனிதர் கை ஆட்டி ஆட்டிப் பேசும்போது அவருடைய கோட்டின் கட்டங்கள் மட்டும் அசையாமல் நிற்கின்றன, யாராவது கவனித்திருக்கிறீர்களா? ஆட்களையும் சேர்த்தாகிவிட்டது. சிறைக்கதவுப் புதிரில் மட்டும் H விசையை ஒருமுறை அழுத்தினேன், முதல் க்ளூவே போதுமானதாக இருந்தது. கோப்பையை அரிக்கும் அந்தச் சாராயத்தை எடுத்துக்கொண்டு தெருவில் ஓடிய ஓட்டத்தை மறக்க மாட்டேன்.

இதே விளையாட்டின் இரண்டாம் பகுதி ஆரம்பித்துவிட்டது. கடலின் நடுவில் கப்பல், ஆட்கள் ஒருவரும் வேலை செய்ய மாட்டேன் என்கிறார்கள். கையில் ஒரு சமையல் குறிப்பு இருக்கிறது, அதில் கேட்கும் பொருட்களில் பாதி கப்பலில் இல்லை. நோட்டில் புதுப் பக்கம் திருப்பியிருக்கிறேன். இன்னும் யாரும் எதுவும் சொல்ல வேண்டாம், வெள்ளிக்கிழமை வரை நானே பார்க்கிறேன்.